காலி கிளாஸை மறுநாள் காலையில் முகர்ந்து பாருங்கள்

வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எனக்கு வயது 27. நண்பன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஸ்காட்ச் ஒரு பெக் குடித்தேன். தொண்டை எரிந்தது, அவ்வளவுதான். தேன், புகை, உலர்பழம் என்றெல்லாம் சொல்கிறார்களே, அது உண்மையா, பணக்காரர்களின் பாவனையா? மூவாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற ஸ்காட்சில் அப்படி ஏதாவது தெரியுமா? ஐஸ் போடலாமா, கூடாதா?"

உண்மைதான் தம்பி. மூவாயிரத்துக்குள்ளேயே தெரியும். ஐஸ் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. நான் மது வியாபாரத்தில் இருந்தவன் அல்லன். லிங்கிச் செட்டி தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் குமாஸ்தா. வீடு ராயபுரம். ஸ்காட்ச் மேல் ஆர்வம் வந்ததே சுங்க வரிக் கணக்கு போட்டுப் போட்டுத்தான். ஸ்காட்சுக்கு அப்போது 150 சதவீத வரி. 2021 பட்ஜெட்டில் அதை அடிப்படை வரி 50, வேளாண் உள்கட்டமைப்புக்கான வரி 100 என்று இரண்டாக உடைத்தார்கள். கூட்டினால் அதே 150. நூறு ரூபாய் சரக்கு துறைமுக வாசலைத் தாண்டும்போது இருநூற்றைம்பது. இத்தனையும் கட்டி ஒருவன் இதை வாங்குகிறான் என்றால் உள்ளே என்னதான் இருக்கிறது என்று ஒருநாள் தோன்றியது. அந்தக் கேள்விதான் என்னைக் கெடுத்தது.

இந்த வரிக் கணக்கில் உங்களுக்குப் பயன்படும் ஒரு விஷயம் இருக்கிறது. வரி மதிப்பின் மேல் விழுகிறது. கண்ணாடி பாட்டில், அச்சடித்த லேபிள், அட்டைப்பெட்டி எல்லாமே மதிப்பில் சேரும். அதே விஸ்கியை மொத்தமாகக் கொண்டுவந்து இங்கே பாட்டிலில் அடைத்தால் திரவத்துக்கு மட்டும்தான் வரி. டீச்சர்ஸ், பிளாக் அண்ட் ஒயிட், வாட் 69, ஹண்ட்ரட் பைப்பர்ஸ் எல்லாம் இப்படி வந்து இங்கே அடைக்கப்படுபவை. இந்தியாவில் அடைத்தது என்று லேபிளில் பொடி எழுத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு 'இது அசல் இல்லை' என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் உண்டு. தேவையில்லை. வடித்தது, மரப்பீப்பாயில் ஊறியது, கலந்தது எல்லாம் ஸ்காட்லாந்தில்தான். கலப்பு விஸ்கியை மொத்தமாக ஏற்றுமதி செய்ய அவர்கள் சட்டமே இடம் கொடுக்கிறது. ஒரே ஆலையில் முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு செய்கிற சிங்கிள் மால்ட்டை மட்டும் 2012 நவம்பரிலிருந்து ஸ்காட்லாந்திலேயே பாட்டிலில் அடைத்தாக வேண்டும். இங்கே அது எட்டாத விலையில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தியாவும் பிரிட்டனும் 2025 ஜூலையில் கையெழுத்திட்ட வணிக ஒப்பந்தத்தின்படி இந்த 150 முதலில் 75 ஆகி, பத்தாம் ஆண்டில் 40 ஆக வேண்டும். அதை நம்பி இப்போதே கிளாஸ் வாங்கி வைக்காதீர்கள். மாநில வரி என்று இன்னொன்று இருக்கிறது, அது யார் கையெழுத்திட்டாலும் குறையாது.

சரி, அப்படி அதில் என்ன இருக்கிறது? பிரிட்டனின் 2009ஆம் ஆண்டு விதிகளின்படி ஸ்காட்ச் என்றால் தானியத்திலிருந்து ஸ்காட்லாந்தில் வடித்து, 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் மரப்பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டு அங்கேயே கிடந்திருக்க வேண்டும். தண்ணீரும் சாதாரண கேரமல் நிறமும் தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாது. ஆகவே நிறத்தைப் பார்த்து 'நல்ல முற்றியது' என்று முடிவு செய்யாதீர்கள். அந்தச் செம்மை கரண்டியில் வந்ததாகக்கூட இருக்கலாம்.

நம் ஊரில் விற்கும் விலை குறைந்த விஸ்கிகள் பலவற்றுக்கு அடிப்படை, சர்க்கரை ஆலையில் மிஞ்சுகிற மொலாசஸிலிருந்து எடுத்த, மணம் எல்லாம் நீக்கிய சாராயம். அதில் கொஞ்சம் மால்ட் சாராயம், நிறம், மணம் என்று சேர்ப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் அதை விஸ்கி என்ற பெயரில் விற்க முடியாது. நான் இதைக் கேவலமாகச் சொல்லவில்லை. அதைத்தான் நானும் முப்பது வயதுவரை குடித்தேன். அதில் முகர்வதற்குச் சங்கதி குறைவு, அவ்வளவே.

ஸ்காட்சின் சங்கதி மூன்று இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று தானியம். குழந்தைக்குக் கேழ்வரகை முளைகட்டி உலர்த்தி மாவாக்குவோம் அல்லவா, அதேபோல் பார்லியை முளைகட்டி உலர்த்துகிறார்கள், அதுதான் மால்ட். இரண்டாவது புகை. அந்த மால்ட்டைச் சில ஆலைகளில் பீட் என்ற எரிபொருளின் புகையில் உலர்த்துவார்கள். சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்கி இறுகிய செடிகொடி அது. செங்கல் செங்கலாக வெட்டி, நம் வறட்டி போலக் காயவைத்து எரிக்கிறார்கள். மூன்றாவது மரம். அமெரிக்காவில் பர்பன் விஸ்கிக்கு ஒவ்வொரு முறையும் உள்பக்கம் கருக்கிய புதுப்பீப்பாய் வேண்டும் என்பது சட்டம். ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய்களை ஸ்காட்லாந்துக்காரர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். வெண்ணிலா வாசனை அந்த மரத்திலிருந்து வருவது. ஷெர்ரி என்ற ஸ்பெயின் ஒயின் ஊறிய பீப்பாய் என்றால் உலர்திராட்சை, பேரீச்சை.

மூவாயிரத்துக்குள் நீங்கள் வாங்கப்போவது கலப்பு விஸ்கி. செப்புப் பானையில் வடித்த மால்ட் விஸ்கியோடு, கோதுமை அல்லது மக்காச்சோளத்தை உயரமான தூண் வடிகலனில் ஓட்டி எடுத்த லேசான தானிய விஸ்கியைச் சேர்த்தது. அந்தத் தூண் வடிகலனுக்கு ஏனியஸ் காஃபி என்ற அயர்லாந்துக்காரர் 1830இல் காப்புரிமை வாங்கினார். பெயர் காஃபி, செய்தது சாராயம்.

இதெல்லாம் தெரிந்த பிறகும் என் முதல் முயற்சி படுதோல்வி. வாய் குறுகிய கிளாஸ் வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு, வீட்டிலிருந்த சின்ன ஊறுகாய் பாட்டிலைக் கழுவி அதில் ஊற்றினேன். கண்ணை மூடி முகர்ந்தால் சுத்தமான எலுமிச்சை ஊறுகாய் வாசனை. சிட்ரஸ் மணம் என்று குறிப்பேட்டில் எழுதியும்விட்டேன். மறுநாள் வேறு கிளாஸில் ஊற்றியபோதுதான் ஸ்காட்லாந்தில் எலுமிச்சை ஊறுகாய் போடுவதில்லை என்று புரிந்தது.

இரண்டாவது தோல்வி சொற்களால் வந்தது. ஆங்கிலக் குறிப்புகளில் ஹீதர் பூ, கிறிஸ்துமஸ் கேக், டாஃபி, சேணத் தோல் என்று எழுதியிருக்கும். ஹீதர் பூவை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். குதிரைச் சேணத்தை எங்கே போய் முகர்வது? கிளாஸில் மூக்கை நுழைத்து இல்லாத பூவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அதைத் தீர்த்துவைத்தது என் மனைவி. மதுவின் வாடையே ஆகாதவள். ஒருநாள் இரவு டீச்சர்ஸ் ஒன்றும் உள்ளூர் விஸ்கி ஒன்றும் இரண்டு கிளாஸில் ருசி பார்த்துவிட்டு, கழுவாமல் ஜன்னல் திண்டிலேயே வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் திட்டிக்கொண்டே எடுத்தவள் ஒரு கிளாஸை மூக்கருகே கொண்டுபோய் நின்றாள். "என்னங்க, இதில் இஸ்திரி வண்டி வாசனை வருகிறதே" என்றாள். வாங்கி முகர்ந்தேன். அதேதான். எங்கள் தெருமுனையில் இன்னும் கரி போட்டுத் தேய்க்கிற வண்டி ஒன்று நிற்கிறது. கனன்ற கரிப்பெட்டியை ஈரப் பருத்தித் துணியில் வைத்த கணத்தில் ஆவியோடு எழுமே ஒரு வாசனை, அது அந்தக் கிளாஸின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. மற்ற கிளாஸில் என்ன என்று கேட்டேன். கொஞ்சம் எசென்ஸ், மற்றபடி ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு இரண்டையும் தொட்டியில் போட்டாள்.

சாராயம் இரவோடு இரவாகப் பறந்துவிடுகிறது. மூக்கைக் குத்தி மரக்கச் செய்வது அதுதான். அது போனபின் பறக்காத கனமான மணங்கள் மட்டும் கிளாஸில் தங்கும். உங்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே ரகசியம் இது. செலவே இல்லாத சோதனை. அன்றிலிருந்து காலை காபிக்கு முன்னால் காலி கிளாஸ்களை முகர்வது எங்கள் வீட்டு வழக்கம். அவள்தான் நடுவர்.

வாசனைப் பெயர்களுக்காக ஸ்காட்லாந்து போகவேண்டியதில்லை என்பது அதன்பிறகுதான் உறைத்தது. வடசென்னையில் பிறந்தவன் மூக்குக்கு என்ன குறை? ராசப்ப செட்டி தெருவில் நாட்டுமருந்துக் கடைகளைக் கடந்து போய்ப் பாருங்கள்: அதிமதுரம், சுக்கு, வசம்பு. மருந்து நெடி என்று விஸ்கிக்காரர்கள் சொல்வதற்கு அது பாலபாடம். கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் உலர்பழ மூட்டைகள் பிரித்துவைத்த கடை வாசலில் நின்றால் ஷெர்ரி பீப்பாய் புரிந்துவிடும். மரவாடியில் அப்போதுதான் அறுத்த பலகை. பேக்கரியில் சூடாக எடுத்த பொறை. ஒருமுறை கப்பலில் வேலை பார்த்த நண்பர் லாஃப்ரோயக் என்ற ஐலா தீவு விஸ்கியை 50 மில்லி குட்டி பாட்டிலில் தந்தார். குடித்ததும் எனக்குக் காசிமேடுதான் தெரிந்தது: கருவாடு காயும் களம், படகுக்குப் பூசிய தார், உப்பு ஊறிய கயிறு. அவர் அதை மருத்துவமனை வாடை என்றார். இரண்டும் சரி. அந்தத் தீவின் பீட் புகையில் பீனால் வகைகள் அதிகம். அந்த விலை நமக்கு ஆகாது, ஆனால் எங்காவது ஒரு வாய் கிடைத்தால் விடாதீர்கள்.

இப்போது செய்முறை. முப்பது மில்லிகூட வேண்டாம், பதினைந்து போதும். வாய் குறுகிய ஒயின் கிளாஸ் இருந்தால் நல்லது. டீக்கடை கிளாஸ் வாய் அகன்றது, மணம் நிற்காது. முக்கியமாக, ஒன்றைத் தனியாக ருசிக்காதீர்கள். இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தனியாகக் குடித்தால் எல்லாமே விஸ்கி போலத்தான் இருக்கும். இரண்டு இருந்தால்தான் இது இனிப்பு, அது புகை என்று நாக்கு பேசத் தொடங்கும். 180 மில்லி பாட்டில் கிடைக்கிற வகைகளில் இரண்டு வாங்கினால் ஒரு முழு பாட்டிலைவிடச் செலவு குறைவு, பாடம் அதிகம். எலைட் கடையில் கேளுங்கள். சாதாரணக் கடையில் கேட்டால் பின்னால் நிற்பவர் கோபப்படுவார்.

முகரும்போது மூக்கைக் கிளாஸுக்குள் திணிக்காமல் விளிம்பில் வைத்து, வாயைக் கொஞ்சம் திறந்துகொள்ளுங்கள். எரிச்சல் பாதி குறையும். முதல் வாய் எதையும் சொல்லாது. அது நாக்குக்கு அறிவிப்பு. இரண்டாவது வாயை நாக்கு முழுக்கப் பரவவிட்டு விழுங்குங்கள். பிறகு தண்ணீர், அரை தேக்கரண்டியாகச் சேர்த்துச் சேர்த்து. தண்ணீர் விட்டால் விஸ்கி கெட்டுவிடும் என்று வீரம் பேசுபவர்களை நம்பாதீர்கள். ஸ்வீடனில் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2017இல் கணினியில் மூலக்கூறுகளை ஓடவிட்டுப் பார்த்தார்கள். புகைமணம் தரும் குவையகோல் என்ற பொருள், சாராய அளவு அதிகமாக இருக்கும்போது திரவத்துக்குள் அமுங்கிக் கிடக்கிறது. தண்ணீர் சேர்ந்து அளவு இறங்கினால் மேற்பரப்புக்கு வருகிறது என்று கண்டார்கள். இங்கே அடைக்கும் பாட்டில்கள் பலவற்றில் 42.8 சதவீதம் என்றிருக்கும். பழைய பிரிட்டிஷ் கணக்கில் அது 75 டிகிரி. அதற்குக் கொஞ்சம் தண்ணீர் நன்றாகவே தாங்கும். குழாய்த் தண்ணீர் மட்டும் வேண்டாம். குளோரினும் புகைவிஸ்கியும் சேர்ந்தால் கிருமிநாசினி நெடி அடிக்கிறது. கேன் தண்ணீர் போதும்.

மிளகாய்ப்பொடி தடவிய எதையும் முன்னால் தொடாதீர்கள். நெத்திலி வறுவலை ஒதுக்கச் சொல்வது எனக்கே கொடுமையாக இருக்கிறது. ருசி பார்த்து முடித்தபிறகு சாப்பிடுங்கள். வறுத்த வேர்க்கடலை பரவாயில்லை.

எதை வாங்குவது என்றால், என் சிபாரிசு டீச்சர்ஸும் பிளாக் அண்ட் ஒயிட்டும். ஜோடியாக. டீச்சர்ஸ் ஹைலேண்ட் கிரீம் 1884இல் பதிவான பெயர். கிரீம் என்றதும் பால் என்று நினைக்காதீர்கள். அந்தக் குடும்பம் 1898இல் ஆர்ட்மோர் என்ற ஆலையைக் கட்டியது. அங்கே இன்றும் பீட் புகையூட்டிய மால்ட்டைப் பயன்படுத்துகிறார்கள், இஸ்திரி வண்டி அங்கிருந்துதான் வருகிறது. பிளாக் அண்ட் ஒயிட் நேர் எதிர். லேசானது, இனிப்பு, பொறை பிஸ்கட், கொஞ்சம் வெண்ணிலா. ஜேம்ஸ் புக்கானன் என்பவர் கறுப்பு பாட்டிலில் வெள்ளை லேபிள் ஒட்டி விற்றார். வாங்குபவர்கள் அதைப் பார்த்து வைத்த பெயர் நிலைத்துவிட்டது. லேபிளில் இருக்கும் கறுப்பு, வெள்ளை நாய்கள் பின்னால் வந்தவை. இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர் யாரையும் நான் இதுவரை பார்க்கவில்லை.

வாட் 69 பற்றி ஒரு கதை உண்டு. வில்லியம் சாண்டர்சன் 1882இல் நூறு விதமாகக் கலந்து நூறு பீப்பாய்களில் வைத்து, தெரிந்தவர்களை அழைத்து ருசி பார்க்கச் சொன்னார். அறுபத்தொன்பதாவது தேறியது. நூறையும் ருசி பார்த்தவர்கள் கடைசியில் எந்த நிலையில் இருந்தார்கள் என்பதுதான் என் கவலை. எனக்கு அதைச் சோடாவோடு பிடிக்கும், தனியாக அதிகம் தொட்டதில்லை.

பாட்டிலில் 12 என்று எண் இருந்தால், உள்ளிருப்பவற்றில் மிக இளையதன் வயது அது. எண் இல்லையென்றால் மட்டம் என்று பொருள் இல்லை. பாட்டிலில் வைத்துப் பழசாக்கவும் முடியாது. மரத்தை விட்டு வந்ததோடு வயது நின்றுவிடும்.

ஒருமுறை மைத்துனனிடம் சொல்லி ஐந்து கிளாஸின் அடியில் பிளாஸ்திரியில் எண் எழுதவைத்தேன். எது எது என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். ஐந்தில் ஒன்று உள்ளூர், ஒன்று அவன் துபாயிலிருந்து கொண்டுவந்த பன்னிரண்டு வருடத்தது. அந்தப் பன்னிரண்டு வருடத்தை நான் நான்காம் இடத்தில் வைத்தேன். "மாமா, இதற்காகவா நான் லக்கேஜில் துணியைக் குறைத்துக்கொண்டு வந்தேன்?" என்று அவன் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. காரணம் பிறகு தெரிந்தது: அது சித்திரை வெயில், அந்த பாட்டில் பகலெல்லாம் பீரோ மேல் கொதித்திருந்தது, மற்றவை கீழே சிமெண்ட் தரையில் இருந்தன. சூடான விஸ்கியில் சாராயம்தான் முதலில் மூக்குக்கு வரும். உள்ளூர் விஸ்கியை மட்டும் தவறாமல் கண்டுபிடித்தேன். முகரும்போது நல்ல இனிப்பு. விழுங்கி மூச்சு விட்டால் பின்னால் எதுவுமே இல்லை, கதவைத் திறந்தால் அறையே இல்லாத மாதிரி.

போலியைப் பற்றிக் கேட்காமலேயே சொல்கிறேன், ஏனெனில் நானே ஏமாந்திருக்கிறேன். 'கப்பல் சரக்கு' என்று தெரிந்தவர் மூலமாக ஒருவர் பாதி விலையில் கொடுத்தார். பெட்டி, முத்திரை எல்லாம் பிரமாதம். ஊற்றியபோது தடதடவென்று கொட்டியது. பல ஸ்காட்ச் பாட்டில்களின் கழுத்தில் பிளாஸ்டிக் அடைப்பு ஒன்றும் அதற்குள் உருளும் குண்டும் இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விழும், சாய்த்தால் கிளிக் என்று சத்தம் கேட்கும். கோலி சோடாவில் குண்டு கேஸை வெளியே விடாது. இதில் குண்டு வெளியிலிருந்து எதையும் உள்ளே விடாது. நான் வாங்கியதில் குண்டே இல்லை. அன்று மறுநாள் காலைக் கிளாஸில் வந்தது வார்னிஷ் வாடை. மனைவி முகரவே மறுத்துவிட்டாள். ரசீது இல்லாத பாட்டிலை அதன்பிறகு வாங்கியதில்லை.

ஐஸ் கேட்டீர்கள். குளிர்ந்தால் மணம் அமுங்கும், அதனால் ஐஸ் கூடாது என்பார்கள். அவர்கள் ஊரில் அறையே பதினைந்து, பதினெட்டு டிகிரி. மே மாதம் இரவு எட்டு மணிக்கு மின்சாரம் போன வியாசர்பாடி வீட்டில் விஸ்கி முப்பத்திநான்கில் இருக்கும். அதை அப்படியே முகர்ந்தால் உங்கள் நண்பர் கொடுத்த பெக் மாதிரிதான், எரிச்சல் மட்டும் மிஞ்சும். நான் பாட்டிலைப் பத்து நிமிடம் ஈரத்துணியில் சுற்றி மின்விசிறிக்குக் கீழே வைக்கிறேன், மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே கணக்கு. மின்சாரம் இல்லையென்றால் ஒரே ஒரு ஐஸ் கட்டி போட்டு, அது கரைந்து முடியும்வரை தொடாமல் காத்திருங்கள். தண்ணீரும் சேர்ந்துவிடும். கிளாஸை மட்டும் இரவு கழுவிவிடாதீர்கள்.